உப்பு மட்டும் பரிமாறிய விருந்து

முன்னொரு காலத்தில், திருமேனி மகாராஜா என்று ஒருவர் நல்லபடியாக நாட்டை ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் மனத்தில் ஒன்று பட்டுவிட்டால் அன்றைக்கே அது நடந்தாக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் அவருக்கு மூக்கு சிவந்துவிடும்.

ஒருநாள் அவர் மனத்தில் பட்டது, நாட்டுக்கு ஒரு நியாயசாலை வேண்டும் என்பது. அதற்குக் காரணம் ஒரு வளையல்காரன்.

சந்தையில் அந்த வளையல்காரன் தலைதெறிக்க ஓடியிருக்கிறான். அதே நேரம் பக்கத்துக் கடையில் ஒரு வெள்ளிக் கிண்ணத்தைக் காணவில்லை. நகரத்து நீதிபதி அதிகம் யோசிக்கவில்லை. "ஓடினான், ஆகவே இவனே திருடன்" என்று சிறையில் போட்டுவிட்டார். பிறகு பார்த்தால் கிண்ணம் கடைக்காரருடைய தவிட்டு மூட்டைக்குள்ளேயே கிடந்தது. வளையல்காரன் ஓடியதற்குக் காரணம் ஒரு வெறிநாய். மகாராஜாவே நேரில் போய் அவனை விடுவித்தார். அவன் வெளியே வந்து தன் வளையல் கூடையைத் திறந்து பார்த்தான். ஒரு வளையல்கூட முழுசாக இல்லை. அவன் ஒன்றும் சொல்லாமல் கூடையை மூடிக்கொண்டு போனதுதான் மகாராஜாவுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் சபையில் அவர் சொன்னார்: "ஓடுகிறவன் எல்லாம் திருடன் என்று அந்த நீதிபதி வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே நம்பியிருக்கிறார். ஒவ்வொரு வாதத்துக்கும் நடுவில் இப்படிச் சொல்லாத நம்பிக்கை ஒன்று ஒளிந்திருக்கிறது. அதைப் பிடிக்கத் தெரிந்தவர்களே இனி நீதிபதிகள் ஆக வேண்டும். அதற்கு ஒரு நியாயசாலை. அதில் சேர ஒரு தேர்வு. புலவர் விருத்தகிரியாரே, தேர்வை நடத்தும் பொறுப்பு உம்முடையது."

விருத்தகிரியார் சபையின் தர்க்கப் புலவர். இளமையில் நாடு நாடாகப் போய் வாதக்கலை கற்றவர். இந்த உத்தரவைக் கேட்டதும் அவர் உடம்பு ஒரு கணம் லேசாகிப் பறந்தது. "தங்கள் சித்தம், மகாராஜா" என்று குனிந்து எழுந்தார்.

எழுந்தபோது மகாராஜாவின் முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"ஆபத்சகாயம், புலவர் கேள்விகளை ஆயத்தம் செய்யட்டும். நீயும் ஒருமுறை பார்த்துவிடு. நீ எனக்கு வேண்டியவன், மறைக்காமல் சொல்வாய்."

ஆபத்சகாயம்தான் அந்தச் சபையின் விகடகவி. ஒல்லியான ஆள், பெரிய காதுகள். அவன் வாயைத் திறந்தாலே மகாராஜா ஆசனத்தின் நுனிக்கு வந்துவிடுவார். விருத்தகிரியார் பேசும்போது அதே மகாராஜா பின்னால் சாய்வார், கண்கள் மெல்ல மெல்லச் சொக்கும். பல வருஷங்களாக இதைப் பார்த்துப் பார்த்துப் புலவரின் நெஞ்சில் ஓர் இடம் புண்ணாகவே போயிருந்தது. ஆபத்சகாயம் கல்லாதவன் என்றாலாவது மனத்தைத் தேற்றிக்கொண்டிருப்பார். அவனும் கற்றவன். கற்றதை அவ்வளவு எளிதாக வீசி விளையாடுகிறானே என்பதுதான் அவரால் பொறுக்க முடியாதது.

வீட்டுக்குப் போனாலும் நிம்மதி இல்லை. அவர் மனைவி மரகதவல்லி கிணற்றடியில் நின்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருப்பாள்: "ஆபத்சகாயம் நேத்து ராஜாகிட்ட என்ன சொன்னாராம் தெரியுமா?" சொல்லும் முன்பே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். தன் வீட்டுக் கிணற்றடியிலும் அவன்தானா என்று புலவர் பல்லைக் கடிப்பார்.

'நீ எனக்கு வேண்டியவன்.' அந்த ஒரு சொல் தனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை என்பது இப்போது சபை நடுவில் நிற்கும்போது அவருக்கு உறைத்தது.

"மகாராஜா," என்றார் புலவர். குரல் தேனாக இருந்தது. "தேர்வில் தேறாத ஒருவர் தேர்வைச் சரிபார்ப்பது முறையாகுமா? சபை கூடியிருக்க ஆபத்சகாயத்தை ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். தேறிவிட்டால் மகிழ்ச்சியோடு அவரிடம் எல்லாவற்றையும் காட்டுகிறேன்."

மகாராஜா விகடகவியைப் பார்த்தார். "என்ன சொல்கிறாய்?"

"தாராளமாகக் கேட்கட்டும், அரசே" என்றான் ஆபத்சகாயம்.

"தேறாவிட்டால்?" என்றார் புலவர்.

ஆபத்சகாயத்துக்கு வாய்த்துடுக்கு அதிகம். "தேறாவிட்டால் இந்தச் சபையில் இனி வாயே திறக்க மாட்டேன்" என்றான். சொல்லிவிட்டுச் சிரிப்பு வரும் என்று சுற்றிலும் பார்த்தான்.

புலவர் சிரிக்கவில்லை. "சபையார் எல்லாரும் கேட்டுக்கொண்டீர்கள் அல்லவா?" என்றார்.

அன்று மாலை மரகதவல்லி ஆச்சரியப்பட்டாள். புலவர் முற்றத்தில் உலாவிக்கொண்டே ஏதோ ராகத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இன்னைக்கு ஒரே சந்தோஷமா இருக்கீங்க?"

"கேள்வியைக் கண்டுபிடித்துவிட்டேன் மரகதம். 'இந்த வாதத்துக்கு வேண்டியது எது' என்று கேட்பேன். இரண்டு விடை வைப்பேன். ஒன்று, வாதம் விழாமல் இருக்கக் கட்டாயம் தேவையானது. இன்னொன்று, வாதத்தை நிலைநாட்டப் போதுமானது. அவன் முதலாவதை எடுத்தால், இது போதுமா என்று அடிப்பேன். இரண்டாவதை எடுத்தால், இது கட்டாயம் தேவையா என்று அடிப்பேன். எதைச் சொன்னாலும் தப்புதான்."

மரகதவல்லி கையிலிருந்த குடத்தை இறக்கி வைத்தாள். பிறகு, "எதைச் சொன்னாலும் தப்புன்னா அது எப்படிங்க பரீட்சையாகும்? எலிப்பொறிதானே?" என்றாள்.

"உனக்கு அவன்மேல் என்ன அவ்வளவு அக்கறை?" என்று புலவர் சீறினார். அவள் உள்ளே போய்விட்டாள்.

தேர்வு நாள் வந்தது. சபை நிறைந்திருந்தது. விருத்தகிரியார் நடுவில் நின்று நிறுத்தி நிதானமாகக் கேட்டார்:

"'அரண்மனை யானைப்பாகன் இனிமையாகப் பாடுகிறான். ஆகவே அவன் சபைப் பாடகன் ஆகிவிடுவான்.' இப்படி ஒருவர் வாதிடுகிறார். இந்த வாதத்துக்கு வேண்டியதாக இருந்தும் சொல்லாமல் விடப்பட்ட நம்பிக்கை எது? ஒன்று, இனிமையாகப் பாடுகிற எவரும் சபைப் பாடகர் ஆகிவிடுவார். மற்றொன்று, யானைப்பாகர்கள் சபையில் பாடக் கூடாது என்று தடை ஏதும் இல்லை."

ஆபத்சகாயம் காதைச் சொறிந்துகொண்டு யோசித்தான். "வேண்டியது என்று கேட்கிறீர்கள். அப்படியானால் இரண்டாவதுதான். தடை என்று ஒன்று இருந்துவிட்டால் பாகன் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் பயனில்லை. வாதம் அங்கேயே விழுந்துவிடும்."

புலவர் இதற்குத்தான் காத்திருந்தார். "தடை இல்லாவிட்டால் போதுமா? தச்சருக்கும் தடை இல்லை, குயவருக்கும் தடை இல்லை. அவர்கள் எல்லாரும் சபைப் பாடகர்களா? நீர் சொன்னதை வைத்துக்கொண்டு முடிவை நிலைநாட்ட முடியுமா?"

"முடியாதுதான். ஆனால்..."

"முடியாது என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டார்!" என்று புலவர் சபையைப் பார்த்துக் கையை விரித்தார்.

சபையில் பலரும் தலையாட்டினார்கள். போதுமா என்று கேட்டால் போதாது என்றுதான் யாருக்கும் தோன்றும். மகாராஜாவுக்கும் அப்படித்தான் தோன்றியது.

"நான் முதலாவதைச் சொல்லியிருந்தால்?" என்றான் ஆபத்சகாயம் மெதுவாக.

"கேள்வி முடிந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றும்."

மகாராஜா எதையாவது சொல்ல வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் சபை நடுவில் கொடுத்த வாக்கை அரசரே உடைக்கச் சொல்வது எப்படி? அவர் மோதிரத்தைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆபத்சகாயம் வணங்கிவிட்டுத் தன் இடத்தில் போய் அமர்ந்தான்.

அதற்குப் பிறகு சபையில் அவன் வாய் திறக்கவே இல்லை. தினமும் வந்தான், உட்கார்ந்தான், போனான். யாராவது உளறினால் பழைய பழக்கத்தில் எல்லாருடைய கண்ணும் அவன் பக்கம் திரும்பும். அவன் உதட்டை மடித்துக்கொள்வான். நாவின் நுனிவரை வந்ததை விழுங்குவது இவ்வளவு கஷ்டம் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

பேசாமல் இருந்ததால் அவன் பார்க்க ஆரம்பித்தான். விருத்தகிரியார் இப்போது தினமும் நெடுநேரம் பேசினார். நல்ல கருத்துகள்தான். ஆனால் மகாராஜா அப்போதும் பின்னால் சாய்ந்துதான் கேட்டார். புலவர் ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, அரசரின் முகத்தில் ஏதாவது அசைகிறதா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். ஒன்றும் அசையாது. அடுத்த வாக்கியத்தை இன்னும் உரக்கச் சொல்வார். இத்தனை வருஷமும் இந்த மனிதர் இப்படித்தான் நின்றுகொண்டிருந்தாரா என்று ஆபத்சகாயம் நினைத்துக்கொண்டான். அவனுக்குப் புலவர்மேல் கோபம் குறையவில்லை. ஆனால் கோபத்தோடு வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்துகொண்டது.

புலவருக்கோ வெற்றி இனிக்கவில்லை. வாய் திறக்காத ஆபத்சகாயத்தைத்தான் மகாராஜா அடிக்கடி திரும்பிப் பார்த்தார். பேசாதவனிடமும் தோற்பதா? அவனை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

மாணவர்களுக்கான தேர்வு நடந்து முடிந்ததும் நியாயசாலையைத் திறந்துவைக்க நாள் குறித்தார்கள். தேர்வில் தேறிய மாணவர்களுக்கும் சபையாருக்கும் அன்று அரண்மனையில் விருந்து. சபையில் இதை அறிவித்ததும் புலவர் எழுந்தார்.

"மகாராஜா, ஆபத்சகாயத்துக்கு இப்போது நாவுக்கு வேலை இல்லை. கைக்காவது வேலை கொடுக்கலாமே. பரிமாறும் பொறுப்பை அவரிடம் விடலாம்." பிறகு விகடகவியின் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக ருசித்துச் சொன்னார்: "விருந்துக்கு வேண்டியதை இலையில் பரிமாறிவையும். புரிந்ததா?"

விகடகவியைப் பந்தி பரிமாறச் சொல்வதா என்று சபையில் ஒரு சலசலப்பு எழுந்தது. ஆபத்சகாயம் மட்டும் நிமிர்ந்து பார்த்தான். 'வேண்டியதை.' அவன் முகத்தில் நெடுநாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது. தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தான்.

விருந்து நாளன்று மடைப்பள்ளியில் வெண்பூசணிக் கூட்டும் வாழைக்காய் வறுவலும் பருப்பும் சாம்பாரும் பாயசமும் தயாராகி, அண்டா அண்டாவாக மூடி வைக்கப்பட்டிருந்தன. தலைமைச் சமையல்காரர் சொக்கநாதம் பிள்ளை வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "பந்திக்கு எடுக்கச் சொல்லவா சாமி?" என்றார்.

"இப்ப உப்பை மட்டும் எடுங்க பிள்ளை" என்றான் ஆபத்சகாயம்.

"உப்பா? அப்புறம்?"

"அப்புறம் நான் கூப்பிடற வரைக்கும் ஒரு கரண்டிகூட இந்த வாசலைத் தாண்டக் கூடாது."

"ராஜா என் தலையை எடுத்துடுவாரே, சாமி!"

"என் தலை முன்னாடி நிக்குது, பயப்படாதீங்க."

மகாராஜா வந்து அமர்ந்தார். எல்லார் முன்னும் தலைவாழை இலை. தண்ணீர் தெளித்துத் துடைத்தாயிற்று. ஆபத்சகாயம் வரிசையாக வந்து ஒவ்வோர் இலையின் ஓரத்திலும் ஒரு சிட்டிகை உப்பை வைத்தான். வைத்து முடித்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு ஒரு தூண் பக்கத்தில் போய் நின்றான்.

எல்லாரும் காத்திருந்தார்கள். மடைப்பள்ளியிலிருந்து நெய் மணம் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. மகாராஜாவுக்குப் பசி வந்தால் பொறுமை போய்விடும்.

"எங்கே சாப்பாடு?" என்று அவர் கத்தினார்.

"பரிமாறிவிட்டேன், அரசே" என்றான் ஆபத்சகாயம்.

விருத்தகிரியார் இலையை விட்டே எழுந்துவிட்டார். "பேசிவிட்டான்! வாக்கை மீறிவிட்டான்!"

"சபையில் வாய் திறக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன், புலவரே. இது சாப்பாட்டுக் கூடம். இங்கே எல்லாரும் வாயைத் திறந்துதான் ஆக வேண்டும்."

இலை முன்னால் இருந்த மாணவர்கள் சிரிப்பை அடக்கத் தெரியாமல் குனிந்துகொண்டார்கள். மகாராஜாவின் மீசையும் லேசாகத் துடித்தது. ஆனால் பசி அதை அடக்கிவிட்டது. "வெறும் உப்பை வைத்துவிட்டுப் பரிமாறிவிட்டேன் என்கிறாயே, என்ன துணிச்சல்!"

"புலவர் எனக்கு என்ன உத்தரவிட்டார் என்று கேளுங்கள், அரசே. விருந்துக்கு வேண்டியதைப் பரிமாறச் சொன்னார்." அவன் புலவரின் இலைக்கு முன்னால் போய் நின்றான். "ஐயா, உப்பில்லாமல் விருந்து உண்டா?"

"அதெப்படி உண்டு?"

"இந்த விருந்திலிருந்து உப்பை எடுத்துவிட்டால்?"

"ஒன்றையும் வாயில் வைக்க முடியாது."

"ஆகவே உப்பு வேண்டியது. வேண்டியதைப் பரிமாறிவிட்டேன். எங்கே குறை?"

"உப்பு மட்டும் போதுமா, அறிவு கெட்டவரே!" என்று விருத்தகிரியார் கத்தினார்.

கத்திய பிறகுதான் தன் வாயிலிருந்து வந்த சொல் அவர் காதிலேயே விழுந்தது. அவர் முகம் வெளுத்தது.

ஆபத்சகாயம் குரலை உயர்த்தவில்லை. "அதையேதான் அன்றைக்கும் கேட்டீர்கள், ஐயா. கேள்வி கேட்கும்போது 'வேண்டியது' என்றீர்கள். விடையைத் திருத்தும்போது 'போதுமா' என்றீர்கள். அரசே, இரண்டும் வேறு வேறு. ஒன்று வேண்டியதுதானா என்று தெரிய வேண்டுமானால் அதை எடுத்துப் பார்க்க வேண்டும். எடுத்ததும் எல்லாம் விழுந்துவிட்டால் அது வேண்டியது. பாகனுக்குத் தடை இல்லை என்பது அப்படிப்பட்டது. போதுமானதுதானா என்று தெரிய வேண்டுமானால், சொன்ன காரணத்தோடு அதை மட்டும் வைத்துப் பார்க்க வேண்டும். வைத்ததும் முடிவு தானே நின்றுவிட்டால் அது போதுமானது. நன்றாகப் பாடுகிற எவரும் பாடகர் ஆவார் என்பது அப்படிப்பட்டது."

"போதுமானது என்றால் அது வேண்டியதும்தானே?" என்றார் மகாராஜா.

"தங்கள் பசி தீர ஓர் அண்டா புளியோதரை போதுமா, அரசே?"

"தாராளமாகப் போதும்."

"புளியோதரை இல்லாவிட்டால் தங்கள் பசி தீரவே தீராதா?"

"ஏன் தீராது? சாம்பார் சாதம் போட்டாலும் தீருமே." சொல்லிவிட்டு மகாராஜா நிறுத்தினார். அவர் கண் அகன்றது. "அட! போதும், ஆனால் அதுவேதான் வேண்டும் என்பதில்லை."

பிறகு அவர் மெதுவாகப் புலவரின் பக்கம் திரும்பினார். "விருத்தகிரியாரே, அன்று இவன் முதலாவது விடையைச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்?"

புலவர் பொய் சொல்லியிருக்கலாம். ஏனோ வாய் வரவில்லை. "அது கட்டாயம் தேவையில்லை என்று சொல்லி அதையும் தவறாக்கியிருப்பேன், மகாராஜா" என்றார்.

"ஏன்?"

புலவர் இலையில் இருந்த உப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "தாங்கள் அவனை வேண்டியவன் என்கிறீர்கள். என்னை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை."

மகாராஜாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. வளையல்காரன் நினைவு இன்னும் ஆறாத மனம் அது. "நியாயசாலைக்கே பொறி வைத்த உமக்கு அங்கே இடமில்லை. இன்றோடு..."

"அரசே, கொஞ்சம் பொறுங்கள்" என்றான் ஆபத்சகாயம். "இவரையும் எடுத்துப் பாருங்கள். எடுத்துவிட்டால் மாணவர்களுக்கு வாதக்கலை சொல்லிக்கொடுக்க இந்த நாட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? நானா? என்னிடம் விட்டால் நீதிபதிகள் எல்லாரும் விகடகவிகளாக வெளியே வருவார்கள். நியாயசாலையே விழுந்துவிடும். ஆகவே இவர் வேண்டியவர். அவர் மட்டும் போதுமா என்றால், போதாது. கேள்விகளைப் பார்க்க இன்னொருவரும் இருக்க வேண்டும். அவ்வளவுதான்."

மகாராஜா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய கோபம் இறங்குவது மீசையில் தெரிந்தது. "விருத்தகிரியாரே," என்றார் கடைசியில், "இவன் சொல்வது சரி. நீர் எனக்கு வேண்டியவர். நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். இனிமேல் தேர்வில் எந்தக் கேள்வியானாலும் கட்டாயம் வேண்டியதைக் கேட்கிறோமா, போதுமானதைக் கேட்கிறோமா என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்."

புலவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தார்.

"பிள்ளை! எடுத்துவாருங்கள்!" என்று ஆபத்சகாயம் குரல் கொடுத்தான். அண்டாக்கள் வாசலைத் தாண்டி வந்தன. முதல் கவளம் உள்ளே போனதும்தான் மகாராஜாவுக்கு நடந்தது முழுவதும் மனத்தில் ஓடியது. இலை ஓரத்து உப்பைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். புரையேறும் வரை சிரித்தார். தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து ஆபத்சகாயத்தின் தோளில் போட்டார். "நியாயசாலைக் கேள்விகளை இனி நீதான் பார்வையிட வேண்டும். சபையிலும் நாளையிலிருந்து வாயைத் திற. உன் வாக்கை நான் திருப்பிக் கொடுக்கிறேன்."

எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். விருத்தகிரியார் மட்டும் முகத்தை அசைக்காமல் பருப்பைப் பிசைந்துகொண்டிருந்தார். மகாராஜா அதைக் கவனித்தார்.

"என்ன புலவரே, எல்லாரும் சிரிக்கிறார்கள். உமக்கு வாய் இல்லையா?"

விருத்தகிரியார் நிமிர்ந்தார். "வாய் இருக்கிறது, மகாராஜா. சிரிப்புக்கு அது வேண்டியதுதான்," என்று சொல்லி, கொஞ்சம் நிறுத்தி, "ஆனால் போதாது" என்றார்.

ஒரு கணம் கூடமே திகைத்தது. பிறகு மகாராஜா இலையைத் தாண்டி முன்னால் சாய்ந்து, தொடையைத் தட்டி, உப்புக்குச் சிரித்ததைவிடப் பெரிய சிரிப்பாகச் சிரித்தார். "புலவரே! நீரா சொன்னீர்? இன்னொரு முறை சொல்லும்!" என்றார். விருத்தகிரியார் இன்னொரு முறை சொன்னார். மகாராஜா இன்னொரு முறை சிரித்தார். கையிலிருந்த ரத்தின மோதிரத்தையும் கழற்றிப் புலவருக்குக் கொடுத்தார்.

அன்றைய பாயசத்தைப் போல ஒரு பாயசம் அந்த அரண்மனையில் அதுவரை வைத்ததில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். புலவர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். பட்டுச் சால்வையோடு தூண் பக்கத்தில் நின்ற ஆபத்சகாயம் மட்டும், மகாராஜா இன்னும் புலவரின் பக்கமே சாய்ந்து சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு, பாயசத்தை முதல் வாயோடு கீழே வைத்துவிட்டான்.